பழைய வீட்டை உடைப்பதற்கு முன்: ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், உடையாமல் கிடக்கும்வரை பெரிய தொல்லை தராது. அறுக்கும்போதும் துளை போடும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூசியில்தான் ஆபத்து. அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலில் தங்கிவிட்டால் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். வேலை செய்த அன்று இருமல் வரவில்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள்.

படி 1: சந்தேகமானவற்றைக் குறியுங்கள்

1980-களிலோ அதற்கு முன்போ கட்டிய வீடு என்றால் இவற்றைப் பாருங்கள்: நெளி கூரை ஷீட், சிமென்ட் குழாய், சொரசொரப்பான சீலிங் பூச்சு, 9 அங்குலச் சதுர வினைல் தரை டைல், அந்த டைலுக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பசை. வெந்நீர்க் குழாயைச் சுற்றி வெள்ளைப் பொதிவு இருந்து, அது விரல் பட்டாலே உதிர்ந்தால் தொடவே தொடாதீர்கள். அதில் சாம்பிள் எடுப்பதும் பயிற்சி பெற்றவர் வேலைதான்.

படி 2: சாம்பிள்

கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, லேப் சோதனைதான் வழி. சாம்பிளைப் பயிற்சி பெற்றவர் எடுப்பதே நல்லது. உள்ளூர் விதி அனுமதித்து நீங்களே எடுப்பதானால்:

ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கீழே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். பி100 ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் வகை) பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இழையைத் தடுக்காது. தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது, அந்த இடைவெளியில் காற்று நுழைந்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன் கலந்து, வெட்டப்போகும் இடத்தில் மெதுவாகத் தெளியுங்கள். வெறும் தண்ணீர் மேலேயே வழிந்துவிடும், சோப்பு கலந்தால்தான் உள்ளே ஊறும். சில நிமிடம் விட்டு, கத்தியால் ஒரு டீஸ்பூன் அளவு வெட்டுங்கள். புதிதாக இந்த வேலையில் கைவைப்பவர்கள் மேல் பூச்சை மட்டும் சுரண்டிவிடுவார்கள். கல்நார் அடியில் உள்ள பசையில் இருந்தால் லேப் முடிவு 'இல்லை' என்றே வரும். எல்லா அடுக்கும் வரும்படி ஆழமாக எடுங்கள். ஜிப் பையில் போட்டு மூடி, வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, இன்னொரு பைக்குள் வையுங்கள். வெட்டிய இடத்தில் டேப் ஒட்டுங்கள்.

படி 3: முடிவு வந்தபின்

கல்நார் இல்லையென்று வந்தால் வேலையைத் தொடருங்கள். இருந்து, பொருள் கெடாமலும் இருந்தால் அதை உடைக்காமல் அப்படியே மூடி வைப்பதுதான் பல நேரம் பாதுகாப்பு. அகற்றியே ஆகவேண்டும் என்றால் உரிமம் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே உடைத்துவிட்டீர்களா?

உடனே நிறுத்தி, வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். பெருக்காதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் பின்பக்கம் வழியாக இழை அறை முழுக்கப் பரவும். போட்டிருந்த துணியை உதறாமல் நனைத்துக் கழற்றி, பையில் கட்டுங்கள். வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்தால் இழை குழந்தைகளின் உடுப்பிலும் ஏறிவிடும்.