மார்பில் அடிபட்ட பிறகு கட்டி கரையவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பினாங்குப் பாலத்தில் முன்னால் போன கார் சடாரென்று பிரேக் போட்டதில் சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியிருக்கும், இல்லையென்றால் மோட்டார் சறுக்கிக் கைப்பிடி மார்பில் இடித்திருக்கும். நீலம் பாரித்தது மறைந்துவிட்டது, கட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் கேட்டால் "அடிபட்டதுதானே, தானா கரைஞ்சிடும்" என்பார்கள்.

பல நேரம் அது உண்மைதான். அடியில் இரத்தம் கட்டிக்கொள்ளும், அல்லது மார்பின் கொழுப்புத் திசு நசுங்கிச் செத்துக் கெட்டியாகிவிடும். இரண்டுமே புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரத்தக்கட்டு சில வாரங்களில் சுருங்கத் தொடங்கும், செத்த கொழுப்போ மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட நிற்கும்.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: காரணம் தெரிந்துவிட்டதால் கட்டி என்னவென்றும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அடிபடுவதால் மார்பகப் புற்றுநோய் வராது. ஆனால் முன்பே இருந்த கட்டி, அடிபட்ட இடம் வலிக்கிறதே என்று தடவிப் பார்க்கும்போதுதான் முதல்முறையாகக் கையில் தட்டுப்படும். செத்த கொழுப்பும் கரடுமுரடாக இருக்கலாம், மேல்தோலை உள்ளே இழுக்கலாம், மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்தில்கூடச் சில சமயம் புற்றுநோய் மாதிரியே தெரியும். இதை விரலால் தொட்டுப் பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, அனுபவமுள்ள டாக்டராக இருந்தாலும் சரி.

வலிக்கிறது, அதனால் புற்றுநோய் இல்லை என்பதும் நம்பக்கூடாத கணக்கு. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். உருவினால் கட்டி கரையாது, இருக்கிற வீக்கம் கூடும், நாட்களும் போய்விடும். மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள் என்று 2012–2016 தேசியப் பதிவேடு சொல்கிறது. காசு ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஒரு மாதம் தாண்டியும் கட்டி சுருங்கவில்லை என்றால் போய்விடுங்கள். பெரிதானாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் இன்னொரு கட்டி தென்பட்டாலோ அந்த ஒரு மாதமும் வேண்டாம், உடனே போங்கள்.

டாக்டரிடம் அடிபட்டதை மறைக்காதீர்கள். எந்த இடத்தில், எப்போது என்று சொன்னால் படம் பார்ப்பவருக்கு உதவும். அடித்தது வீட்டு ஆளாக இருந்தாலும் சொல்லுங்கள், அரசாங்க மருத்துவமனைகளில் அவசரப் பிரிவிலேயே அதற்கு உதவி கிடைக்கும்.

சரி, பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, வேண்டுமா? எல்லோருக்கும் வேண்டாம். முதலில் படம். 35 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள், அதற்கு மேல் மெமோகிராமும் சேரும். செத்த கொழுப்பு எண்ணெய்க் குமிழி போலச் சந்தேகமில்லாமல் தெரிந்தால் ஊசியே தேவைப்படாது. அறிக்கையில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும், படத்தைப் பார்த்தால் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்பதை அது சொல்லும், அதைக் கேட்டு வாங்குங்கள். 2 என்றால் தீங்கில்லாதது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டைத் தாண்டாது, வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுப்பார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். 4, 5 என்றால் பயாப்சிதான், அங்கே அடிபட்ட கதையைச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. கையில் கட்டி தெளிவாகத் தட்டுப்படும்போது மெமோகிராம் மட்டும் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள், மெமோகிராம் கண்ணில் படாத புற்றுநோய்களும் உண்டு.

ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. பரவிவிடும் என்று பயந்து பயாப்சியைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மெல்லிய துண்டுகள் எடுப்பார்கள், ஸ்டேப்ளர் அடிப்பதுபோல டக்கென்று ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் கன்றிப்போகும், அன்றே வீட்டுக்கு வரலாம். இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இதற்கு நேர்மாறாக, 'எதுக்கு வம்பு, மொத்தமா வெட்டி எடுத்துடுங்க' என்று கேட்பதும் அவசரம்தான். முதலில் ஊசி பயாப்சியில் என்னவென்று தெரிந்தால், ஆபரேஷன் தேவையா, தேவையென்றால் எவ்வளவு என்பதைத் திட்டமிடலாம்.

முடிவு 'புற்றுநோய் இல்லை' என்று வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "படத்தில் தெரிந்ததும் இந்த முடிவும் ஒத்துப்போகிறதா, டாக்டர்?" படம் மோசமாக இருந்து பயாப்சி நல்லதாக வந்தால், ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம். அப்படியானால் மறுபடியும் எடுக்கத்தான் வேண்டும்.