கண்ணாடித் தொட்டியிலிருந்து மண்பெட்டிக்கு

லண்டனில் எங்கள் வீட்டில் இருப்பது ஹெர்மன் ஆமை என்ற ஐரோப்பிய நில ஆமை. (ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமை வாங்கப் போக வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.)

முதலில் கண்ணாடித் தொட்டியில் மரச்சீவல் பரப்பி விட்டிருந்தேன். நாள் முழுக்கக் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. பாவம், வெளியே தெரியும் இடத்துக்குப் போகப் பார்த்திருக்கிறது! சீவல் காய்ந்து தூசி பறந்ததில் கண்ணும் வீங்கிவிட்டது.

நாலடிக்கு இரண்டடி பிளைவுட்டில் மேலே திறந்த பெட்டி ஒன்று செய்தேன். சுவர் ஓரடி உயரம். உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாள். உரம் கலக்காத தோட்டமண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நம்மூர்ச் சரக்குதான், இங்கே செங்கல் போல அழுத்தி விற்கிறார்கள். நார்க்கழிவை மட்டும் போட்டால் அதுவும் காய்ந்து தூசியாகும், அதையும் செய்து பார்த்தாயிற்று. ஆறு அங்குல ஆழம் நிரப்பினேன்.

தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் ஊற்றுகிறேன். அடிமண் ஈரமாக இருக்கும், மேல்மண் காய்ந்திருக்கும். மேலே எப்போதும் ஈரம் நின்றால் அடி ஓடு அழுகும்.

ஒரு முனையில் வெப்ப விளக்கு, அதன் கீழே தட்டைக் கல், அங்கே 34 டிகிரி. மறுமுனையில் 21. புற ஊதாக் குழல்விளக்கை வருடா வருடம் மாற்றுகிறேன். வெளிச்சம் இருந்தாலும் கதிர் குறைந்துவிடும்.

மூன்றாம் நாள் காலையில் ஆமையைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால், மூக்கு மட்டும் தெரிய மண்ணுக்குள் புதைந்து தூங்கிக்கொண்டிருந்தது.