மரக் கடைசல் கற்க முதல் படி: பட்டறையில் நின்று பார்ப்பது எப்படி?

மரக் கடைசல் கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கட்டையைச் சுழற்றும் இயந்திரமான லேத்தின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால், கைதேர்ந்த ஒருவர் கடைவதை நேரில் நின்று பாருங்கள். வீடியோவில் உளியின் முனை தெரியும். கடைபவரின் கால் தெரியாது, சத்தமும் சரியாகக் கேட்காது. வித்தையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

1. எங்கே போவது?

ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பட்டறைதான் புதியவருக்கு நல்லது. மேடையில் ஒரு கிண்ணம் கடைந்து காட்டினால் பல வெட்டுகளை ஒரே ஒரு முறைதான் பார்ப்பீர்கள். பொம்மைப் பட்டறையில் அதே வெட்டு மறுபடி மறுபடி வரும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், சுமார் 60 கி.மீ. தொலைவில், மரப் பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணா இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் என்றால், உங்களுக்காக நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம். கிளம்பும்போது நாலு பொம்மையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

2. எங்கே நிற்பது?

சுழலும் கட்டைக்கு நேராக நிற்கவே கூடாது. பிளந்தாலோ கழன்றாலோ அந்தத் திசையில்தான் அது பறக்கும். லேத்தின் கோடியில், சற்றுத் தள்ளி நில்லுங்கள். துப்பட்டா, தோளில் தொங்கும் துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது.

3. எதைப் பார்ப்பது?

முதல் பொம்மையை முழுதாகப் பாருங்கள். இரண்டாவதில் உளியை மட்டும் கவனியுங்கள். நல்ல கடைசல்காரர் எடுத்த எடுப்பிலேயே உளியின் கூர்முனையை மரத்தில் குத்தமாட்டார். உளி முதலில் தாங்கியில், அதாவது கட்டைக்கு முன்னால் உளியை வைக்கும் இரும்புத் தாங்கலில், உட்காரும். கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு மரத்தில் லேசாக உரசும். அப்புறம் கைப்பிடியை மெல்ல உயர்த்துவார். கூர் இறங்கி, சீவல் சுருண்டு வரத் தொடங்கும்.

திசையையும் பாருங்கள். பருத்த இடத்திலிருந்து ஒல்லியான இடத்துக்குத்தான் உளி போகும். குழிவு எடுக்கும்போது இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி இறங்குவார். ஏறுமுகமாக வெட்டினால் நார் பிய்ந்துவிடும்.

அடுத்த பொம்மைக்கு அவர் உடம்பைப் பாருங்கள். கை மட்டும் நகர்கிறதா, இடுப்போடு சேர்ந்து சாய்கிறாரா? அதற்கும் அடுத்ததில் காது கொடுங்கள். கூரான உளி சீராகச் சீறும். மழுங்கியது கரகரக்கும், சுருளுக்குப் பதில் தூள் கொட்டும். கீழே கிடக்கும் சீவலை அனுமதி கேட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கள்.

சன்னபட்டணாவில் பார்த்தே தீர வேண்டியது அரக்கு ஏற்றுவது. அங்கே காலங்காலமாகப் பயன்படுவது வெட்பாலை மரம், நாம் தைலம் காய்ச்சுகிறோமே அதேதான். நன்றாகக் காயவைத்த வெளிர் நிறக் கட்டை சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறும். முதலில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். தாழை ஓலையை அதன்மேல் வைத்து அழுத்தியதும் நிறம் பரவி, கண் முன்னாலேயே பளபளப்பு வந்துவிடும். அந்த அழுத்தம் எவ்வளவு என்பதை அவர் மணிக்கட்டைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

4. என்ன கேட்பது?

வேலை ஓடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். லேத் நின்றதும் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: உளிக்குச் சாணை பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மற்ற கேள்விகள் எல்லாம் அப்புறம்தான்.

5. வீட்டுக்கு வந்ததும்

அன்றைக்கே உளி பிடித்த கோணத்தை வரைந்து வையுங்கள். லேத் கிடைத்ததும் கிண்ணத்தில் இறங்க வேண்டாம். 2 அங்குலச் சதுரத்தில், 8 அங்குல நீளக் கட்டை போதும். அதை உருட்டாக்கி, மணிபோல் உருண்ட மேடும் குழிவும் மாறி மாறி எடுத்துப் பழகுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் கவசம் (face shield) கட்டாயம். கையுறை கூடாது, சுழலும் கட்டையில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சுவிட்ச் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். உப்புத்தாள் போடும்போது உளி தாங்கியைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அந்தக் கட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நார் பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தே, உளி மழுங்கலா, திசை தப்பா என்று அவர் சொல்லிவிடுவார்.