ஹனோய்: ஒரே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுவது எப்படி?

வியட்நாம் தலைநகர் ஹனோய் போகிறவர்களில் பலர், வீடுகளை உரசிக்கொண்டு ரயில் போகும் 'ரயில் தெரு'வில் காபி குடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தண்டவாளம் எங்கே போகிறது என்று பார்ப்பவர் குறைவு. நிலையத்தில் தொடங்கி வடக்கே போனால் வீட்டுச் சந்து, கல் வளைவுகள், ஆற்றுப்பாலம் என்று வரிசையாக வரும். காலையில் நினைவுச்சின்னங்கள், மதியத்துக்கு மேல் ரயில் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும்.

கிளம்பும் முன்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை இ-விசா கிடைக்கும். வியட்நாம் அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அங்கே போனதும் கவனிக்க வேண்டியது பணம். 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இளநீர்க்காரம்மாவிடம் நான் பெரியதை நீட்ட, அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

படி 1: ஹோ சி மின் நினைவிடம்

காலையில் மட்டும்தான் திறப்பு. திங்களும் வெள்ளியும் விடுமுறை. இது தெரியாமல் ஒரு திங்கட்கிழமை போய், வாசலைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பக்கத்திலேயே ஒற்றைத்தூண் பகோடா. மூலக்கோயில் 1049-ஐச் சேர்ந்தது. 1954-இல் பிரெஞ்சுப் படை தகர்த்ததால், இப்போது நிற்பது 1955-இல் திரும்பக் கட்டியது. பத்து நிமிடம் போதும்.

படி 2: வான் மியெவ்

நேரத்தை இங்கே செலவழியுங்கள். 1070-இல் கன்பூசியசுக்காக எழுப்பிய இலக்கியக் கோயில் இது. ஆறு ஆண்டுகள் கழித்து இங்கேயே அரச கல்விச்சாலையும் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முற்றங்கள். மூன்றாவது முற்றத்தில் கல் ஆமைகள் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை நடந்த அரசுத் தேர்வுகளில் தேறியவர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. ரேங்க் வாங்கினால் ஆமை சுமக்கும்! பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஆமைத் தலையைத் தடவித் தடவியே கல் வழவழத்துவிட்டது. இப்போது தடுப்பு போட்டிருக்கிறார்கள். அந்த முற்றத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சிவப்பு மாடம் குவே வான் காக். 100,000 டாங் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான். நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கடையில் 'அன் சாய்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

படி 3: ஹனோய் ரயில் நிலையம்

வான் மியெவிலிருந்து நடக்கிற தூரம்தான். சாலைக்கு எதிர்ப்புறம் நின்று முகப்பைப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் பிரெஞ்சு பாணி, நடுவில் மட்டும் கான்கிரீட் பெட்டி. 1972 டிசம்பரில் அமெரிக்கக் குண்டு விழுந்து நடுப்பகுதி போய்விட்டது; பிறகு கட்டியபோது பழையபடி கட்டவில்லை.

படி 4: ரயில் தெரு

டிரான் ஃபூ, ஃபுங் ஹுங் தெருக்களுக்கு நடுவே உள்ள சந்து இது. தண்டவாளம் நம் பழைய மீட்டர் கேஜ் அகலம்தான். 2019-லும் 2022-லும் அரசு இங்குள்ள கஃபேக்களை மூடச் சொன்னது. முனையில் தடுப்பும் காவலும் இருக்கலாம். கடைக்காரர் யாராவது வந்து உள்ளே அழைப்பார். காவலர் 'கூடாது' என்றால் வாதாடாதீர்கள். லெவல் கிராசிங்கிலேயே நின்றாலும் காட்சி கிடைக்கும்: சீருடைப் பெண்கள் சக்கரம் வைத்த கேட்டைக் கையால் உருட்டி வந்து சாலையை அடைப்பார்கள், மோட்டார் சைக்கிள்கள் கடைசி நொடி வரை அந்த இடுக்கில் நுழைந்து ஓடும்.

உள்ளே இடம் கிடைத்தால் முதலில் ரயில் நேரத்தைக் கேளுங்கள். சனி, ஞாயிறுகளில் ரயில்கள் அதிகம். வரும் நேரத்தில் கடைக்காரர் குரல் கொடுப்பார். ஸ்டூல் மடங்கும், மேசை உள்ளே போகும், உங்கள் முட்டைக் காபியை அவரே தூக்கிக்கொள்வார். முதுகைச் சுவரோடு ஒட்டி, காலை உள்ளிழுத்து நில்லுங்கள். பையும் செல்ஃபி கம்பும் வெளியே நீட்டக் கூடாது. பெட்டிகள் முகத்துக்கு நேரே போய் முடிந்ததும் ஸ்டூல்கள் மறுபடி தண்டவாளத்துக்கு வந்துவிடும்.

படி 5: வளைவுகளும் லாங் பியென் பாலமும்

சந்துக்கு வடக்கே தண்டவாளம் மேலே ஏறிவிடும். அதைத் தாங்கும் கல் வளைவுகளை ஒட்டி ஃபுங் ஹுங் தெருவிலேயே நடங்கள். பழைய ஹனோயைக் காட்டும் ஓவியங்கள் 2018 முதல் அங்கே இருக்கின்றன. அப்புறம் லாங் பியென் நிலையம், அதை அடுத்துப் பாலம்.

இதை ஈஃபிள் கட்டினார் என்று பலரும் சொல்வார்கள். பாலத்திலுள்ள இரும்புத் தகட்டையே படியுங்கள்: '1899–1902, டேய்தே, பில்லே, பாரிஸ்'. கட்டிய கம்பெனியின் பெயர் அதுதான். நீளம் சுமார் 1.7 கிலோமீட்டர். ஏறி இறங்கும் இரும்புக் கூடு நடுநடுவே மொட்டையாகிவிடும். குண்டுவீச்சில் போனவை அந்தக் கண்கள். நடுவில் ரயில், இருபுறமும் மோட்டார் சைக்கிள். ஊரெல்லாம் வலப்பக்கம் ஓட்ட, இங்கே மட்டும் நம்மைப் போல இடப்பக்கம். சாலையைக் கடக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஓர நடைபாதைப் பலகைகளின் இடுக்கில் கீழே செவ்வாறு (ரெட் ரிவர்) தெரியும். தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பாதித் தூரம் போனால் கீழே மணல்திட்டில் வாழைத்தோட்டம் வரும். வெயில் தாழ்ந்த நேரமாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். ரயில் வரும்போது பாலம் முழுக்க அதிரும்.