விடியற்கால மலைநடை: உதய நேரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள்

வயல்களும் தோட்டங்களும் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில் தங்கினால், வழிகாட்டியோடு இருட்டிலேயே கிளம்பி மேட்டில் ஏறிச் சூரிய உதயம் பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். ஆசைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மொத்த நடையையும் சூரியன் தலைகாட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கான ஏற்பாடாக மட்டும் நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நேரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உதயம் 6:10 என்று போனில் பார்த்துவிட்டு, ஆறு மணிக்கு உச்சியில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பாதி அழகைத் தவறவிடுகிறார்கள். சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போதே சுற்றியுள்ளவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அங்கிருந்து உதயம் வரை ஏறக்குறைய 20 நிமிடம். துருவங்களை நோக்கிப் போகப்போக இந்த இடைவெளி நீளும். கிழக்கு வெளுப்பதும், மேகங்களின் அடியில் செம்மை படர்வதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு அந்த நிறமெல்லாம் வெளிறிவிடும். அதனால் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே மேலே இருப்பதுபோலக் கிளம்புங்கள்.

போன் காட்டும் நேரம் தடையில்லாத, சமமான தொடுவானத்துக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. கிழக்கே ஒரு மலைத்தொடர் 10 பாகை உயரத்துக்கு மறைத்து நின்றால், சூரியன் அதைத் தாண்டி வரக் குறைந்தது 40 நிமிடம் கூடுதலாக ஆகும். எந்த மேட்டிலிருந்து பார்த்தால் கிழக்கு திறந்திருக்கும், எந்த மாதத்தில் சூரியன் எந்த இடுக்கில் எழும் என்பதெல்லாம் அந்த மண்ணிலேயே வாழும் வழிகாட்டிக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

சரி, எத்தனை மணிக்குக் கிளம்புவது? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 78 நிமிடம் வரும். ஆனால் இது நடந்து பழகியவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. இருட்டு, குழு, மூச்சு வாங்க நிற்பது எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது இரண்டு மணி நேரம். நேரம் போதாமல் இருட்டில் வேகமாக ஏறுவதைப்போல ஆபத்து இந்த நடையில் வேறு இல்லை.

அடுத்து பனிமூட்டம். வெளியே எட்டிப் பார்த்து, எங்கும் வெள்ளையாக இருக்கிறதே, இன்று ஒன்றும் தெரியாது என்று திரும்பப் போய்ப் படுத்துக்கொள்பவர்கள் உண்டு. காற்றில்லாத, தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். மூட்டமும் அங்கேயே கட்டிக்கொண்டு நிற்கும். நூறு, இருநூறு மீட்டர் ஏறினால் அதைத் தாண்டி வெளியே வந்துவிடலாம் என்பது பல நாட்களில் உண்மை, அப்போது காலடியில் மேகக் கடல்! ஆனால் மழையோ இடியோ வருகிறது, இன்று வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் அவரிடம் வாதாடாதீர்கள். பணம் கொடுத்துவிட்டோமே என்று அவரை வற்புறுத்துவது உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து ஆபத்து. வானிலை கெட்டால் பணத்துக்கு என்ன வழி என்பதை முதல் நாளே பேசிவிட்டால் இந்த நெருக்கடி வராது.

உடை விஷயத்தில் ஒன்றைச் சொன்னால் போதும். ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் உதயத்தை ஒட்டித்தான் வரும். ஏறும்போது வியர்த்து, சட்டை நனைந்து, அந்தக் குளிரில் போய் அசையாமல் நிற்கப்போகிறீர்கள். ஏறுவதற்கு மெல்லிய சட்டை, மேலே போனதும் போட்டுக்கொள்ள ஈரமில்லாத ஒரு தடித்த உடை.

வெளிச்சத்துக்குப் போன் டார்ச்சை நம்பாதீர்கள். ஒரு கை அதற்கே போய்விடும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். தலையில் மாட்டும் விளக்குதான் சரி. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும், ஒரு வெள்ளை ஒளிக்கீற்று அதை நொடியில் கெடுத்துவிடும். சிவப்பு ஒளி இருக்கும் விளக்கானால், நிற்கும்போது அதைப் போடுங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது: நாம் நடப்பது ஒருவருடைய பிழைப்பின் மேல். இருட்டில் வரப்பு எது, நாற்று எது என்று தெரியாது. வழிகாட்டியின் பின்னால் ஒற்றை வரிசையில் போக வேண்டும். படத்துக்காகப் பக்கவாட்டில் நான்கு அடி வைத்தாலும் ஒரு பருவத்தின் உழைப்பு மிதிபடலாம். வரப்பின் ஓரத்தில் கால் வைத்தால் மண் சரிந்து, கட்டிய நீர் வெளியேறிவிடும். கேட்டைத் திறந்து போனால் திரும்ப மூடுங்கள். திறந்தே இருந்ததென்றால் அப்படியே விடுங்கள், தண்ணீருக்கோ மேய்ச்சலுக்கோ போக வேண்டிய கால்நடைகளுக்காக வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கலாம். கம்பி வேலியைப் பிடித்து ஏறாதீர்கள், அதில் மின்சாரம் ஓடலாம். பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். காவல் நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, வழிகாட்டி பேசட்டும் என்று விடுங்கள்.

செருப்பு, ஷூவின் அடியில் ஒட்டும் மண்ணைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. வாழையை அழிக்கும் பனாமா வாடல் நோயின் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். களை விதைகளும் அப்படித்தான். பயணத்தில் ஊர் ஊராகப் போகிறவர்கள் ஒவ்வொரு நடைக்கு முன்பும் பின்பும் ஷூவைத் தேய்த்துக் கழுவி உலர்த்துவது, நம்மை உள்ளே விட்டவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை. அந்த நேரத்திலேயே வேலைக்கு வந்துவிட்டவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம்.

வழிகாட்டியிடம் எதையும் மறைக்காதீர்கள். முழங்கால் வலி, ஆஸ்துமா, மயக்கம், எதுவாக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிட்டால் அவர் வேறு பாதை யோசிப்பார். 2,500 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்றால், வந்து சேர்ந்த மறுநாள் காலையே இந்த நடையை வைக்காதீர்கள், உடல் உயரத்துக்குப் பழக ஓரிரு நாள் கொடுங்கள். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். முன்னால் ஓடிப்போய்க் காத்திருப்பவர், பாதை பிரியும் இடத்தில் வழிகாட்டியைப் பதற வைக்கிறார்.

மேலே போனபின், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் மாட்டிய கேமராவில், கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். விழித்திரை கருகிவிடும்.

இறங்கும்போது வெளிச்சம் வந்துவிட்டதே என்ற தைரியத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறுவார்கள். புல் இன்னும் ஈரம், கால்கள் களைத்திருக்கும், தொடைத் தசைகள் உடல் எடையை ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டுத் தாங்க வேண்டியிருக்கும். வழுக்கி விழுவதற்கு எல்லாம் தோதாக இருக்கும் நேரம் இது. சின்ன அடிகளாக, அதே ஒற்றை வரிசையில் இறங்குங்கள். அப்புறம், அன்று காலையே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும், வண்டியும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்று திட்டம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் எழுந்தவர் சில மணி நேரமாவது தூங்கிய பிறகு வண்டியை எடுக்கட்டும்.