மூடி போடாமல் வேகவைக்கும் கூஸ்கூஸ்

கூஸ்கூஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் செய்முறையை நம்பித்தான் நானும் மூன்று வருடம் ஓட்டினேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்று, ஐந்து நிமிடம் மூடி வை, முள்கரண்டியால் கிளறு. வயிறு நிறையும், ஆனால் வாயில் ஈர ரவையாகத்தான் இருக்கும். பாரிஸ் புறநகரில் எங்கள் எதிர்வீட்டுக்கு ஒரு மொரோக்கோ குடும்பம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீட்டு அம்மா தட்டில் கூஸ்கூஸ் கொடுத்தனுப்பினார். மணி மணியாக, பஞ்சு மாதிரி, சாறு ஊற்றியும் குழையாமல் இருந்தது. இரண்டும் ஒரே பொருள்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது.

அப்புறம் நானே செய்து மூன்று முறை சொதப்பி, நான்காவது முறை கைகூடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது கசகசா இல்லை (ஊரில் அம்மாவுக்குப் போனில் புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று). தானியமும் இல்லை. கெட்டிக் கோதுமை ரவையில் உப்புத்தண்ணீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் உருட்டி, சலித்துக் காயவைத்த மணிகள். அரபுச் சாப்பாடு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், வேர் வட ஆப்பிரிக்காவின் அமாசிக் மக்களிடம் இருக்கிறது. பல விஷயங்களில் முட்டிக்கொள்ளும் அல்ஜீரியாவும் மொரோக்கோவும், துனிசியா, மொரித்தானியாவோடு சேர்ந்து விண்ணப்பித்து, 2020-இல் இதை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏற்றின. மொரோக்கோவில் இது வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வீட்டார் எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் உணவு. நான் சொல்லப்போவது அங்கே ‘ஏழு காய்’ என்று பெயர் பெற்ற வகை. வழக்கமாக ஆட்டுக்கறி போடுவார்கள், நான் போடுவதில்லை.

தேவையானவை, ஐந்தாறு பேருக்கு: நடுத்தர மணி கூஸ்கூஸ் அரை கிலோ, இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை 150 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, கேரட் 4, டர்னிப் 3, சின்ன முட்டைக்கோஸில் பாதி, சுக்கினி 3, ஒரு பெரிய துண்டு பறங்கிக்காய். சுக்குத்தூள் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1, மஞ்சள்தூள் 1, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, விரல் நீளப் பட்டை ஒன்று. கொத்தமல்லியையும் பார்ஸ்லியையும் ஒரு கட்டாக நூலால் கட்டிக்கொள்ளுங்கள். ஏழு காய் என்பதற்காக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி, எது இருந்தாலும் போகும்.

மிளகாய்த்தூளை எடுக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். கரம் மசாலாவும் வேண்டாம். இந்தச் சாற்றின் காரம் சுக்கும் மிளகும்தான். காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் துனிசியா பக்கம் போகலாம். அங்கே தக்காளி விழுதும் ஹரிஸா மிளகாய் விழுதும் சேர்த்துச் சிவப்பாகச் செய்வார்கள்.

பாத்திரம்: கீழே சாறு கொதிக்கும் அண்டா, மேலே துளை போட்ட சட்டி, இரண்டும் சேர்ந்தது கூஸ்கூஸ் பானை. அலுமினியம் மலிவு, ஆனால் நான் எவர்சில்வர்தான் சொல்வேன். கிளற அகலமான தாம்பாளம் ஒன்று வேண்டும். அங்கே இதற்கு மண்ணிலோ மரத்திலோ செய்த ‘கஸ்ஆ’ என்ற தட்டு இருக்கிறது. நம் வீட்டுத் தாம்பாளம் அந்த வேலையை அச்சாகச் செய்யும்.

முதலில் சாறு. அண்டாவில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் வதக்குங்கள். சிவக்க வேண்டாம், தாளிப்பும் கிடையாது. கொண்டைக்கடலை, கொத்தமல்லி-பார்ஸ்லிக் கட்டு, உப்பு, இரண்டரை லிட்டர் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தண்ணீர் மேல்சட்டியின் அடியைத் தொடக்கூடாது.

இருபது நிமிடம் கழித்துக் கூஸ்கூஸைத் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் 100 மில்லி தண்ணீரும் தெளித்து, விரல்களால் உதிர்த்துப் பிசறுங்கள். புட்டுக்கு மாவு பிசறியவர்களுக்குக் கை தானாகப் பழகிவிடும். மேல்சட்டியில் அமுக்காமல் தளர்வாக அள்ளிப் போடுங்கள்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதுவும் இரண்டு முறை.

முதல் தடவை மூடி போட்டேன். இட்லியும் புட்டும் செய்து வளர்ந்த கை, ஆவி என்றதும் மூடியைத் தேடாதா? திறந்து பார்த்தால் நடுவில் களி, ஓரத்தில் கட்டி. எதிர்வீட்டு அம்மா சிரித்தார். “மூடாதேம்மா. மூடியில் சேரும் தண்ணீர் எங்கே போகும்? அதன் மேலேயேதான் சொட்டும்” என்றார். ஆவி அடியிலிருந்து ஏறி, மணிகளுக்கு நடுவே புகுந்து, மேலே வெளியேறிவிட வேண்டும். அதனால்தான் திறந்தே வேகிறது.

இரண்டாம் தடவை மூடவில்லை. அரை மணி நேரம் ஆகியும் மேலே ஆவியே வரவில்லை. எல்லாம் இரண்டு பாத்திரங்களும் சேரும் இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. இதற்கு அங்கே பழைய வைத்தியம் உண்டு: மாவைத் தண்ணீரில் கரைத்து, நீளத் துணியை அதில் நனைத்து, இடுக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. சூட்டில் மாவு காய்ந்து அடைத்துக்கொள்ளும். இப்போது பலர் பிளாஸ்டிக் தாள் சுற்றுகிறார்கள். எனக்குத் துணிதான் பிடிக்கும்.

சரி, மேலே ஆவி தெரிந்த நொடியிலிருந்து கணக்கு: இருபது நிமிடம். பிறகு தாம்பாளத்தில் கொட்டி, முதலில் மரக்கரண்டியால், சூடு தாங்கியதும் கையால் உதிருங்கள். ஒரு தேக்கரண்டி உப்பு கலந்த 150 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். அதற்குள் கேரட், டர்னிப், கோஸ் மூன்றையும் பெரிய துண்டுகளாகச் சாற்றில் போட்டுவிடலாம்.

இரண்டாவது ஆவி பதினைந்து நிமிடம். மறுபடி கொட்டி, உதிர்த்து, இந்த முறை 200 மில்லி தண்ணீர். மணி பருத்திருப்பது கண்ணுக்கே தெரியும். சாற்றில் சுக்கினியும் பறங்கியும் சேருங்கள். பறங்கி சட்டென்று கரையும், அதனால் தனிச் சட்டியில் கொஞ்சம் சாறு விட்டு வேகவைப்பது நல்லது.

மூன்றாவது ஆவியும் பதினைந்து நிமிடம். இறக்கியதும் ஒரு பெரிய கரண்டி வெண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். அங்கே ‘ஸ்மென்’ என்ற உப்பிட்டுப் புளிக்கவைத்த வெண்ணெய் போடுவார்கள், வாசனை தூக்கும். நெய் போட்டாலும் குறையில்லை, மணம்தான் வேறாக இருக்கும்.

தாம்பாளத்தில் மலைபோலக் குவித்து, நடுவில் குழி பறித்து, சாற்றை மெதுவாக ஊற்றிக் குடிக்க விடுங்கள். கடலையைக் குழியில் நிரப்பி, காய்களைச் சரிவில் நீளவாக்கில் அடுக்குங்கள். மிச்சச் சாறு தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். அவர்களும் கையால் கவளமாக உருட்டிச் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் ‘ல்பன்’ என்று ஒரு டம்ளர் இருக்கும், கிட்டத்தட்ட நம் மோர்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்தவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். இட்லிப் பானையில் முடியுமா என்பது முதல் கேள்வி. முடியும். இட்லித் தட்டை எடுத்துவிட்டு, துளைச் சல்லடையில் மெல்லிய துணி விரித்துப் போடுங்கள், மூடியை மட்டும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். சாதாரண ரவையில் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். மணியாக உருட்டாத ரவை ஆவியில் ஒட்டிக்கொண்டு புட்டாகத்தான் வரும். கடலை வேகவில்லை என்றவர்களுடையது பழைய கடலையாக இருக்கும், அதை முன்பே அரைவேக்காடாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சினால் சாற்றோடு கலந்து வைக்காதீர்கள், காலையில் களிதான் கிடைக்கும். கூஸ்கூஸைத் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஆவியில் காட்டினால் புதிதாகச் செய்தது போலவே உதிரும். அப்போதும் மூடி வேண்டாம்.