இமை அறுவை சிகிச்சை: கத்தி படும் முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

"கண்ணு மேல தோல் தொங்குது, வெட்டிட்டா போதும்." இப்படி முடிவோடு வருவதுதான் முதல் தவறு. தொங்குவது எது என்று முதலில் தெரிய வேண்டும். தோல் தளர்ந்து மடிந்திருக்கலாம். இமையைத் தூக்கும் தசை வலுவிழந்து இமையே இறங்கியிருக்கலாம். புருவம் சரிந்து தோலைக் கீழே தள்ளியிருக்கலாம். கண்ணாடியில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆபரேஷன் வேறு வேறு. காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இறங்கும் இமையோடு இரட்டைப் பார்வையும் இருந்தால் தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயாக இருக்கலாம். அதற்கு முதலில் மருந்துதான், கத்தி அல்ல.

"இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுங்க டாக்டர்" என்று பேரம் பேசாதீர்கள். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவே சுமார் 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்ச வேண்டும். அவ்வளவு மிஞ்சாதபடி வெட்டினால் தூக்கத்தில் கண் மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். விட்டதைப் பிறகு எடுக்கலாம். எடுத்ததை ஈடுகட்ட வேறு இடத்துத் தோலைத்தான் ஒட்ட வேண்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் சாப்பிடுவதை மறைப்பதும் தவறு, தானாக நிறுத்துவதும் தவறு. இதய மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். கண் வறட்சி, தைராய்டு, சர்க்கரை, பிரஷரையும்தான். இமையோடு முகத் தோலையும் இழுத்துத் தைத்துக்கொள்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே சிகரெட்டை விட வேண்டும். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து காதோரத் தோல் கருகிப்போகலாம்.

இமை பார்வையை மறைக்கிறது என்றால், ஆபரேஷனுக்கு முன்பே போட்டோவும் பார்வைப் பரப்புப் பரிசோதனையும் எடுத்து வையுங்கள். அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீடு கிடையாது. மருத்துவத் தேவை என்று காட்ட இவைதான் சான்று.

மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வதால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புதுச்சேரியில் செய்துகொண்டு கடலூருக்கு பஸ் ஏறுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. முதல் 24 மணி நேரம்தான் ஆபத்தானது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால் பார்வை நரம்பு நசுங்கும். கடும் வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஓரிரு மணி நேரத்தில் பார்வை போய்விடலாம். அன்றிரவு புதுச்சேரியிலேயே தங்குவது நல்லது. தூங்கும்வரை அவ்வப்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் தினசரிக் காலண்டரைப் படித்துப் பாருங்கள்.

முதல் 2 நாள் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து எடுங்கள், நேரடியாக வைக்காதீர்கள். இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். குனிந்து குடம் தூக்க வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடக் கூடாது. மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனாலும் ஒரு மாதம் கடலில் முழுக்கு வேண்டாம்.

தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். கன்றல் மறைய 2 வாரமாகும். ஒரு பக்கம் கூடுதலாக வீங்கியிருப்பது சகஜம்; முழு உருவம் தெரிய 3 முதல் 6 மாதம் வேண்டும். வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு 6 வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள்.